கத்தி படாத ஏழாம் அத்தியாயம்

போர்ச்சுகலில், எங்கள் கோயிம்ப்ரா ஊரில், சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த எழுபத்துநான்கு ஏப்ரல் புரட்சியைப் பற்றிப் புத்தகம் எழுதாத ஆண்பிள்ளையே இல்லை. ராணுவம் லிஸ்பனுக்குள் நுழைந்த அன்று கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ரேடியோவில் காதை வைத்துக் கிடந்தவர்கள்கூட, எழுத உட்கார்ந்ததும் டாங்கியின் மேலேயே ஏறிவிடுகிறார்கள். இந்த வருடம் இருபதாம் ஆண்டு நிறைவு வேறு. பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் விற்கிற என் சின்னக் கடைக்கே அப்படிப்பட்ட புத்தகங்கள் வாரம் தவறாமல் வந்து இறங்கின. நானும் வாய் பேசாமல் விற்றுக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் வால்டெமர் செய்ஷஸின் புத்தகம் மார்ச் கடைசியில் வந்தது. என் புருஷன் பெயர் அதில் இருக்கும் என்று தெரிந்துதான் பிரித்தேன். இருந்தது. ‘புத்தகக் கடைக்காரர் அபீலியோ விசாரணையில் உடைந்துபோனார். எங்கள் வாசகர் குழுவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவரை நான் மன்னித்துவிட்டேன்.’

மன்னித்துவிட்டானாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஊர் அதை இருபத்தொரு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அபீலியோ கடையின் பின்னறையில் தடை செய்த புத்தகங்களை விற்றார். நான்கைந்து பேர் அங்கே கூடிப் படிப்பார்கள். அப்போது சாதாரண உதவி விரிவுரையாளனாக இருந்த செய்ஷஸும் அதில் ஒருவன். எழுபத்துமூன்றில் ரகசியப் போலீஸ் அபீலியோவைப் பிடித்தது. மறுநாளே மற்றவர்களையும் பிடித்தது. செய்ஷஸ் மட்டும் மலைக் கிராமத்தில் ஒளிந்து தப்பித்தான். பிடிபட்டவர்களில் எதிர் ரொட்டிக்கடை ஸுல்மிராவின் தம்பியும் உண்டு. உள்ளே போனவன் ஒரு காது கேட்காமல் வெளியே வந்தான். அன்று முதல் ஸுல்மிரா எனக்கு ரொட்டி விற்பதில்லை. புரட்சி முடிந்த கோடையில் ஊரே கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தபோது, என் கடைக் கதவில் மட்டும் சிவப்புச் சாயத்தில் ‘காட்டிக்கொடுத்தவன்’ என்று எழுதினார்கள். அதைப் பார்க்க அபீலியோ இல்லை. நுரையீரல் கெட்டு வீடு திரும்பி, புரட்சிக்கு மூன்று மாதம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொன்னார். “டியோலிந்தா, கோர்ட்டு மேசைமேல, நான் பின்னறையில வித்த ஒரு புத்தகத்தப் பார்த்தேன். வாங்கிட்டுப் போனவன் ஒரு தாளக்கூடப் பிரிக்காம அப்படியே போலீஸ்ல குடுத்திருக்கான்.”

யார் அவன் என்று கேட்டேன். கெஞ்சினேன், திட்டினேன், சூப் கொடுக்கமாட்டேன் என்றுகூட மிரட்டினேன். “பேரச் சொன்னா நீ நேராப் போய் அவனக் குத்திருவ. அப்புறம் நீயும் உள்ள போயிருவ,” என்று சிரித்தார். என்னை நன்றாகத் தெரிந்தவர். அது மட்டுமில்லை, வாங்கியவன் பெயரை மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது அவர் தொழிலில் வைத்திருந்த சத்தியம். அந்தப் பாழாய்ப்போன சத்தியத்தோடேயே கண்ணை மூடினார்.

அந்தக் காலத்தில் எங்கள் புத்தகங்கள் ஓரம் வெட்டாமல்தான் வரும். மடித்த தாளை மடித்தபடியே தைத்திருப்பார்கள். வாங்கியவன்தான் கத்தியை விட்டு ஒவ்வொரு மடிப்பாகக் கீறிப் படிக்க வேண்டும். உண்மையான வாசகன் வீடுவரை பொறுக்கமாட்டான், கடையிலேயே கத்தி கேட்பான் என்பார் அபீலியோ. அதற்காகவே கல்லாப் பக்கத்தில் ஒரு எலும்புக் கத்தி வைத்திருந்தார்.

கோர்ட்டு மேசையில் இருந்த அந்தப் புத்தகம் பிரேசிலில் அச்சானது, சமூகங்கள் எப்படித் தலைகீழாக மாறுகின்றன என்பதைப் பற்றியது. புரட்சிக்குப் பிறகு, பறிமுதல் செய்த சாமான்களோடு அதையும் திருப்பிக் கொடுத்தார்கள். அட்டையில் கோர்ட்டு முத்திரை. உள்ளே ஒரு மடிப்பிலும் கத்தி பட்டிருக்கவில்லை. போலீஸ்காரனுக்குத் தலைப்பே போதுமாயிருந்தது. நான் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அவன் யார் என்று தெரிகிற நாள்வரை இருக்கட்டும் என்று வைத்தேன்.

செய்ஷஸின் புத்தகத்தில் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் வந்தபோது அந்த நாள் வந்துவிட்டது. ‘கார்னிவல் திருவிழாச் செவ்வாயன்று, அந்தப் பிரேசில் புத்தகத்தின், கோயிம்ப்ராவுக்கு வந்த ஒரே பிரதியை அபீலியோவிடம் வாங்கினேன். விடியும்வரை படித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் அழுதேன். அதுவே என்னைப் புதிய மனிதனாக்கியது.’ கடையில் போலீஸ் நுழைந்தது அதே வாரம் வெள்ளிக்கிழமை.

ஒரே பிரதி! அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். புரட்சி எழுத்தாளன் என்றால் தடை செய்த புத்தகம் ஒன்றைப் படித்திருக்க வேண்டுமல்லவா, அந்த ஆசையில் எழுதிவிட்டான். தாள் பிரிக்காமல் படிக்க முடியாது என்பது அவனுக்கு மறந்தே போயிருக்கிறது. அன்றிரவு நான் அழவில்லை. எலும்புக் கத்தியைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன்.

வெளியீட்டு விழா நகர நூலகத்தில் நடந்தது. எல்லார் சட்டையிலும் புரட்சியின் அடையாளமான சிவப்புக் கார்னேஷன் பூ, கையில் போர்ட் ஒயின். நான் உள்ளே போனதும் பேச்சு தாழ்ந்தது. மூன்றாவது வரிசையில் ஸுல்மிரா தம்பியோடு உட்கார்ந்திருந்தாள். அவன் நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். செய்ஷஸ் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பரிதாபமாகப் புன்னகைத்தான். மன்னித்தவர்கள் புன்னகைக்கிற மாதிரி.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். அவனுடைய ஏழாம் அத்தியாயக் கதை என் மனதை உருக்கிவிட்டது என்றேன். நிஜமாகவே ஒரே ராத்திரியில் படித்தாரா என்று கேட்டேன். ஆமாம், டோனா டியோலிந்தா, ஒரு வரி விடாமல் என்றான். அந்தப் புத்தகத்தை அப்புறம் யாருக்காவது இரவல் கொடுத்தாரா என்றும் கேட்டேன்.

“உயிரே போனாலும் குடுத்திருப்பேனா? நெஞ்சுமேல வச்சிட்டுத்தான் தூங்கினேன்,” என்றான். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்.

பிறகு மேடைக்குப் போய்த் துணியைப் பிரித்தேன். புத்தகத்தை அவன் முன்னால் வைத்தேன். பக்கத்தில் எலும்புக் கத்தியையும் வைத்தேன்.

“உங்க புத்தகந்தான் புரொபசர். போலீஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. ஏழாம் அத்தியாயத்துல ஒரு பக்கம் எங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. நாங்களும் அழறோம்.”

அவன் புத்தகத்தைப் புரட்டப் பார்த்தான். தாள் வரவில்லை. நான்கு நான்கு பக்கமாக மூடிக்கொண்டு நின்றது. அவன் கழுத்து மெல்லச் சிவந்தது. இது வேறு பிரதியாக இருக்கும் என்று முணுமுணுத்தான்.

“ஊருக்கு வந்ததே ஒரே பிரதின்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? நூத்திப்பன்னெண்டாம் பக்கம். வேணும்னா அதப் படிங்க, அதுவாவது வெட்டித்தான் இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. ஸுல்மிரா எழுந்து வந்தாள். அவளுக்கு என்னைப் பார்க்கத் தைரியம் இல்லை. புத்தகத்தை எடுத்து, ரொட்டி பதமாகிவிட்டதா என்று பார்க்கிற அதே கட்டைவிரலால் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். கடைசி மடிப்புவரை தடவிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“என் தம்பி பேரையும் நீதான் சொன்னியா?” என்றாள்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். தம்பிக்காரன் கார்னேஷனைச் சட்டையிலிருந்து பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டு வெளியே நடந்தான். அவன் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து அதையே செய்தார்கள். நான் கடைசிவரை நின்று பார்த்தேன். பூக்குவியலுக்குப் பின்னால் அவன் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது. அதை மறைக்க நான் என்ன புனிதவதியா? இருபத்தொரு வருடம் காத்துக் கிடந்து வாங்கிய இனிப்பு.

மறுநாள் காலை என் கடைப் படியில் சூடான ரொட்டி ஒன்று காகிதத்தில் சுற்றி இருந்தது. எதிர்க்கடை வாசலில் ஸுல்மிரா நின்றாள். ரொட்டியை எடுத்துக்கொண்டேன். அவளைப் பார்த்துத் தலையசைக்கவில்லை. அவளும் கொஞ்ச நாள் படியில் வைத்துவிட்டுப் போகட்டும்.

ரொட்டியைத் தின்றுகொண்டே அந்தப் புத்தகத்தை எடுத்தேன். இனி அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. முதல் மடிப்பிலிருந்து கத்தியை விட்டுக் கீறிக்கொண்டே போய், ஏழாம் அத்தியாயத்தை முழுக்கப் படித்தேன். தானிய விலையைப் பற்றியது. முப்பது பக்கமும் கோதுமை, பார்லி, அட்டவணை. அழுவதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.