கிணற்றடியில் இல்லாத சாவி

நாலு வருஷமாக வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து தம்பி தனியாகச் செய்த வீடியோ கேம் அது. கொரிய மொழியில் வந்தால் விற்றுத்தருகிறோம் என்று ஓர் ஆன்லைன் கடையில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மொழிபெயர்ப்பாளர் யாரென்று சொல்லவேண்டும், இல்லையென்றால் கடையில் அந்த இடம் வேறொரு கேமுக்கு. ஆள் பிடிக்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது.

ஆங்கிலத்திலிருந்து கொரியத்துக்கு மாற்றுகிறவர்கள் ஐந்து பேரைத் தேடிப்பிடித்து, சோதனைக்கு இருபது வரிகளும் கேமின் பிரதியும் அனுப்பினாள். நாலு பேர் மறுநாளே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை.

"நாலுமே நல்லாத்தான் இருக்கு," என்றான் தம்பி.

"ஓகோ, தொரைக்கு எப்பலேருந்து கொரியன் தெரியும்?"

ஐந்தாமவளிடமிருந்து மூன்று நாளாக ஒரு வரிகூட வரவில்லை. கேட்டால், 'விளையாடிக்கொண்டிருக்கிறேன்' என்று பதில்.

"நல்லா இருக்கே! வேலையக் குடுத்தா விளையாட்டாம்!" அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளி மதியம் அவளிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: 'சாவி கிணற்றடியில் இருப்பதாகக் காவல்காரன் சொல்கிறான். தோண்டித் தோண்டிப் பார்த்துவிட்டேன், இல்லை. அவன் பொய்யனா? அப்படியென்றால் அவன் பேச்சையே வேறு மாதிரி எழுதவேண்டும்.'

தம்பி முகம் வெளுத்தது. போன மாதம் கேமில் சாவியை வைக்கோல் கொட்டகைக்கு மாற்றியவன், காவல்காரன் சொல்லும் வரியை மாற்ற மறந்துவிட்டான்! மற்ற நாலு பேரும் அந்தத் தப்பை அப்படியே மொழிபெயர்த்திருந்தார்கள்.

"நீயாவது பாத்திருக்கலாமேக்கா?"

"நான் எங்கடா ரெண்டாவது கட்டத்தைத் தாண்டினேன்?" பல நாள் ரகசியம் பொசுக்கென்று வெளியே வந்துவிட்டது.

'கொட்டகையில் பாருங்கள். வேலை உங்களுக்குத்தான், ஆறு மணிக்குள் சம்மதம் சொல்லுங்கள்' என்று அக்கா அனுப்பினாள்.

நாலானது, ஐந்தானது, ஐந்தரையும் ஆனது. பதிலைக் காணோம். தம்பி பத்து விரல் நகத்தையும் கடித்துத் தீர்த்துவிட்டான்.

"அந்த நாலு பேர்ல ஒருத்தரைப் போட்டுடலாமாக்கா?"

"வாய மூடிட்டு உக்காரு. தோண்டிப் பாத்தது இந்தம்மா ஒருத்திதான்."

ஆறுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது வந்தது: 'மன்னிக்கவும், முடிக்காமல் எழுந்திருக்க மனசு வரவில்லை. கடைசியில் காவல்காரன் கதவைத் திறந்துவிட்டபோது அழுதுவிட்டேன். சம்மதம்.'

அக்கா அவசர அவசரமாகப் பெயரைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கடைசி வரைக்கும் விளையாடியிருக்காங்கக்கா."

அந்தக் கதவுவரை அன்றுவரைக்கும் அவனைத் தவிர ஒருவரும் போனதில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, ரெண்டாவது கட்டத்தை எப்படிடா தாண்டறது? சொல்லிக் குடு."