குடோனுக்குள் ஓடிய சைக்கிள்

கிளியூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த கூலியாள் அங்கப்பன் ஒருவன்தான். தினமும் தபால் பையை மாட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு ஏறிப் போய்விட்டு வருவான். முந்தின வருஷம் துரைமார்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். மலையடிவாரத்தில் புறப்பட்டு, வளைவுகளெல்லாம் ஏறி, ஏரிக்கரையில் வந்து முடிக்க வேண்டும். எஸ்டேட்டுக்கு ஓர் ஆள். அங்கப்பனுக்குப் பாதி மலையில் கால் பிடித்துக்கொண்டது, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த அவனுடைய துரைக்கு மற்ற துரைமார் முன்னால் முகம் செத்துப் போயிற்று.

மாசியில் மறுபடி பந்தயம். ஐப்பசி மழை விட்டதுமே துரை, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணுவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பனிக்காலம் முழுக்க அங்கப்பன் கால்களை ஆறப்போடக் கூடாது. துரைக்குத் தமிழ் வராது. அவர் சொல்வது ஐயாக்கண்ணுவின் வாய் வழியாகத்தான் கூலியாட்கள் குடியிருக்கும் லைனுக்கு வரும். லைன் சொல்வதும் அதே வாய் வழியாகத்தான் துரைக்குப் போகும்.

கார்த்திகை வரை அங்கப்பன் ரோட்டிலேயே ஓட்டினான். பொழுது விடியும்போது வெள்ளக்கடைப் பக்கம் இறங்கி, மூச்சு இரைக்க ஏறி வருவான். விரல்கள் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க வராது. மார்கழி பிறந்ததும் மூடுபனி இறங்கி, முன்சக்கரம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு தடவை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். அதற்கப்புறம் பனி விலகாத நாளெல்லாம் குடோனுக்குள்தான் பயிற்சி. தச்சன் ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தான். பின்சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளை அதில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் மேல் ஒரு சாக்குப்பட்டையைப் போட்டு, அதன் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மேடேறுகிற பாரம் காலுக்குத் தெரிய வேண்டுமாம். காய்ந்த காப்பிக்கொட்டையின் நெடியில், கதவைச் சாத்திக்கொண்டு மிதிப்பான். எவ்வளவு மிதித்தாலும் எதிரே அதே மூட்டைகள்.

பங்களாவிலிருந்து அவனுக்குப் பாலும் முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் வரும். ரைட்டர் கண் முன்னால் தின்று முடிக்க வேண்டும். ஒருநாள் வேகவைத்த முட்டை ஒன்றை வேட்டி மடிப்பில் செருகினான். ஐயாக்கண்ணு பார்த்துவிட்டார்.

"ஆருக்குடா அது?"

"புள்ளைக்குங்க. நொம்ப மெலிஞ்சு கெடக்கறா."

"இது உனக்கே குடுக்கறது இல்ல அங்கப்பா. உன்ற காலுக்குக் குடுக்கறது. எடுத்துத் தின்னு."

அங்கப்பன் தின்றான்.

பிள்ளையின் பெயர் அம்மணி. நாலு வயது நிரம்பவில்லை. தாய்க்காரி சென்னம்மாள் பழம் பறிக்கப் போகும்போது, லைனில் கிழவிகளோடு விட்டுவிட்டுப் போவாள். தை பிறந்த வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் கொடுத்தார்கள், விடுவதும் வருவதுமாக இருந்தது.

அன்றைக்குத் துரையே குடோனுக்கு வந்திருந்தார். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அங்கப்பன் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் ஆடியது. பக்கத்து வீட்டுக் குப்பாயி நின்றிருந்தாள். கதவோரம் இருந்த ரைட்டரிடம் ஏதோ சொன்னாள். அவர் கையை அமர்த்திக் காட்டினார். கூலிக்குப் பேர் பதியத்தான் வந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்ட அங்கப்பன், அவளைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, துரை பார்க்கிறாரே என்று இன்னும் வேகமாக மிதித்தான்.

உச்சிப்பொழுதுக்கு லைனுக்குத் திரும்பினால், வீட்டு வாசலில் கூட்டம். சென்னம்மாளின் மடியில் பிள்ளைக்குக் கண் செருகி, கைகால் இழுத்துக்கொண்டிருந்தது.

"காலைலயே குப்பாயியை அனுப்புனனுங்களே! ஏனுங்க வரலீங்க?"

குடோனுக்கு ஓடி, பந்தய சைக்கிளைச் சட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தான். சென்னம்மாள் சேலைத்துணியால் பிள்ளையை அவன் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். பனி இன்னும் கலையாத ஏற்றத்தில் அவன் எழுந்து நின்று மிதித்தான். கால் ஓர் இடத்திலும் பிடிக்கவில்லை. "வந்தாச்சு கண்ணு, வந்தாச்சு சாமி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். முதுகில் பிள்ளையின் சூடு அனலாக அடித்தது.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டார். நெற்றியில் ஈரத்துணி வைத்தார். வெகுநேரம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "காலைலயே கொண்டாந்திருந்தா ஏதாச்சும் பாத்திருக்கலாமப்பா" என்றார்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் அங்கப்பன் ரைட்டரின் ஆபீஸ் வாசலில் போய் நின்றான்.

"குப்பாயி வந்து சொன்னாளுங்களா?"

ஐயாக்கண்ணு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்னா. தொரை கடியாரம் புடிச்சுட்டு நிக்கறப்ப, நிறுத்துடான்னு நான் எப்படிச் சொல்றது? சாதாக் காய்ச்சல்னு நெனச்சனப்பா. எனக்கும் புள்ளைக இருக்குது."

அங்கப்பன் குடோனுக்குப் போய் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தான்.

யாரும் மிதிக்கச் சொல்லவில்லை. அதற்கப்புறம் யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பனியிருந்தால் குடோன், பனியில்லாவிட்டால் ரோடு. வீட்டில் உட்கார்ந்தால் மூலையில் கிடந்த சின்னப் பாயைப் பார்க்க வேண்டியிருந்தது. கல்லை இன்னும் பெரிதாகக் கட்டச் சொன்னான். முட்டையைக் கொடுத்தால் தின்றான். அவன் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து ஐயாக்கண்ணுவே பயந்து, "மெதுவாடா, நெஞ்சு வெடிச்சுரும்" என்றார்.

ஒருநாள் சென்னம்மாள் குடோனுக்குள் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"பொழுதுக்கும் மிதிக்கறீங்களே. எங்க போய்ச் சேந்தீங்க?"

அவன் மிதிப்பதை நிறுத்தினான். சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகும் அவனால் இறங்க முடியவில்லை.

மாசியில் பந்தயம் நடந்தது. அங்கப்பனுக்குப் பின்னால் வந்தவன் கண்ணுக்கே எட்டவில்லை. ஏரிக்கரையில் துரைமார்களும் துரைசானிமார்களும் கைதட்டினார்கள். அவனுடைய எஸ்டேட்டு ஜனமெல்லாம் ஒரு பக்கமாக நின்றிருந்தது. துரை முகமெல்லாம் சிவக்க ஓடிவந்து அவன் தோளைத் தட்டி ஏதோ கேட்டார்.

"உனக்கு என்ன வேணும்னு தொரை கேக்கறாரு" என்றார் ஐயாக்கண்ணு.

அங்கப்பன் துரையின் முகத்தை நேராகப் பார்த்தான். மூச்சு அடங்கியதும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. என்ற புள்ள சாகக் கெடக்குதுன்னு சொல்ல வந்தவளை இந்த ரைட்டரய்யா வாசல்லயே நிறுத்திப் போட்டாருங்க. உங்களுக்கு வேடிக்கை காட்டிட்டு நான் எங்கியும் போகாம மிதிச்சுட்டிருந்தனுங்க. இனிமே லைன்ல ஆருக்கும் அப்படி நடக்கக் கூடாதுங்க."

ஐயாக்கண்ணு துரையின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். துரை கடகடவென்று சிரித்து, மறுபடியும் அங்கப்பன் முதுகில் தட்டினார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே, தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று அங்கப்பனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பின்னால் நின்ற ஜனத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குப்பாயி வாய்விட்டு அழுதாள். சென்னம்மாள் ரைட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கோப்பை பங்களாவுக்குப் போயிற்று. அடுத்த வாரம் தபால் வேலை லைனிலிருந்த மூக்கனுக்குப் போயிற்று; சைக்கிள் ஓட்டத் தெரியாத அவன் நடந்தே போய் வந்தான். அங்கப்பனை ஓடைப்பக்கம் பாறை மண்ணில் காப்பிக் கன்றுக்குக் குழி வெட்ட அனுப்பினார்கள். துரையிடம் என்ன காரணம் சொல்லப்பட்டது என்று லைனுக்குத் தெரியாது.

பங்குனியில், லைனில் இருந்த வீராயியின் கைக்குழந்தைக்கு அதே மாதிரி இழுப்பு வந்தது. அன்று ரைட்டரிடம் யாரும் போகவில்லை. சென்னம்மாள் பழக்கூடையைக் கீழே போட்டாள். அவள் முன்னால் நடக்க, வீராயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, கடைசிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சேர்ந்து பங்களாவுக்கே போய்விட்டார்கள். தோட்டக்காரன் மறித்தும் நிற்கவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த துரை மிரண்டுபோனார். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சென்னம்மாள் பிள்ளையை வாங்கி அவர் கண் முன்னால் நீட்டினாள்.

ஐயாக்கண்ணு ஓடிவந்து சேர்வதற்குள் துரையின் கார் வீராயியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது.

அந்தக் குழந்தை பிழைத்தது. சென்னம்மாள் அதைக் கேள்விப்பட்டுத் தலையை ஆட்டினாள், பார்க்கப் போகவில்லை. ஓடைக்கு நடந்து, அங்கப்பன் வெட்டிக்கொண்டிருந்த குழியின் மேட்டில் உட்கார்ந்து, தன் பிள்ளை செத்த பிறகு முதல்முறையாகக் குரலெடுத்து அழுதாள். அங்கப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்து, மண் படிந்த கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.