மூன்றாம் பட்டிக் காளைகள்

எங்கள் நெப்ராஸ்கா பக்கம் ஒருவனை மதிக்க வேண்டுமானால் முதலில் அவன் மாட்டைப் பார்ப்பார்கள். என் கணவர் வெண்டலுக்குச் சொந்தமாக ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் இறைச்சி மாடுகளுக்கு என்ன தீவனம் போடலாம் என்று பார்ப்பது அவர் வேலை. என் அப்பா எல்மோவுக்கு இது போதாதா? மாப்பிள்ளையை 'ஏட்டுச் சுரைக்காய்' என்றுதான் சொல்வார்.

அந்தக் குளிர்காலம் வெண்டல் மூன்று பட்டிகளில் காயடித்த காளைகளை அடைத்தார். முதல் பட்டிக்கு மக்காச்சோளம். இரண்டாவதுக்கு, நாங்கள் தூக்கி எறிகிற சோளக்கட்டையை அரைத்து வெல்லப்பாகு சேர்த்த அவருடைய சொந்தக் கலவை. மூன்றாவதுக்கு வெறும் காய்ந்த புல். அப்பா இரவல் கொடுத்த காளைகள் ஒரே லாரியில் வந்ததால், வெண்டல் எல்லாவற்றையும் மூன்றாவதிலேயே இறக்கிவிட்டார். படித்தவர் செய்கிற வேலையா இது?

"என் அடையாளச் சூடு போட்ட மாட்டைப் பட்டினி போட்டு ஊருக்கே காட்டப்போறீங்களா மாப்பிள்ளை?"

"பட்டினி இல்ல மாமா. ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணுமில்ல?"

"அதுக்கு உங்கப்பா மாடு கிடைக்கலியா?"

வெண்டலின் அப்பா பல் வைத்தியர் என்பது என் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வாரமே அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஏப்ரலில் அறிக்கை நாள். வருஷத்துக்கு ஒருமுறை மாட்டுக்காரர்கள் எல்லாம் பண்ணைக்கு வந்து, பட்டிகளைச் சுற்றிப் பார்த்து, இறைச்சி வைத்த ரொட்டி தின்று, ஆராய்ச்சி முடிவைக் கேட்டுப் போவார்கள். கலவை ஜெயித்தால் நாலு பேராவது செய்து பார்ப்பார்கள். தோற்றால் அடுத்த வருஷம் ரொட்டிக்கு மட்டும்தான் வருவார்கள். வெண்டல் பேச்சை அப்புறம் எவன் கேட்பான்?

முந்தின நாள் எடை போட்டதில் மூன்றாம் பட்டி முதலிடம். வெறும் புல் தின்ற மாடு! வெண்டலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பேசாம பெரிய வித்தியாசம் இல்லன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"ஜனங்க வரிப்பணத்துல மாடு வளக்கறேன், லவோன். வந்த முடிவை வந்தபடிதான் சொல்லணும்."

எனக்குக் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் அவர் புல் வண்டிமேல் ஏறி நின்று வாசித்தார். "காய்ஞ்ச புல் முதல். சோளம் ரெண்டாவது. என் கலவை அதுக்கு மயிரிழை பின்னால, கடைசி. புல் எப்படி ஜெயிச்சுதுன்னு எனக்குத் தெரியல."

"புல்லுப் போட எதுக்குய்யா பட்டம்?" என்று கத்தினார் பக்கத்துப் பண்ணை ஹார்லன். கூட்டம் சிரித்தது. வெண்டலின் காது சிவந்தது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "தீவனத்தப் பாக்காதீங்கப்பா, யாரு மாடுன்னு பாருங்க!" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறினார். போகிற போக்கில் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார்.

குளிர்காலத்தில் ஹாரன் அடித்துத்தான் நாங்கள் மாட்டுக்குப் புண்ணாக்குப் போடுவோம். தனக்குப் போடுகிற வண்டியின் சத்தம் மாட்டுக்கு மறக்காது.

மூன்றாம் பட்டி முழுக்க வேலிக்குப் பாய்ந்தது. கம்பிகளுக்கிடையே தலையை நீட்டி, அப்பாவின் வண்டியைப் பார்த்து ஒரே கத்தல். மற்ற இரண்டு பட்டிகளும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்ப்பா எல்மோ, முழங்கால் வலிக்குப் பருத்திப் புண்ணாக்குதான் மருந்தா?" என்றார் ஹார்லன்.

அப்பா என்னைப் பார்த்தார். "நம்ம சூட்டைப் போட்டுக்கிட்டு எலும்பும் தோலுமா நின்னா எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?"

வெண்டல் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டே உரக்க வாசித்தார்: "மூன்றாம் பட்டியின் முடிவு செல்லாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வந்துபோயிருக்கிறார்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சோளத்துக்கும் சோளக்கட்டைக்கும் மயிரிழைதான் வித்தியாசம் என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. கட்டையை எப்படி அரைப்பது என்று ஹார்லனே முதலில் வந்து கேட்டார். அறிக்கை அச்சில் வந்தபோது மாமனாரும் அதில் இருந்தார்.

அடுத்த குளிர்காலமும் அப்பா காளைகள் கொடுத்தார். இந்தத் தடவை வெண்டல் சீட்டுக் குலுக்கிப் போட்டு, அவற்றை எல்லாப் பட்டிகளிலும் ஹார்லன் மாடுகளோடு கலந்துவிட்டார். முதல் ஞாயிறே அப்பா சர்ச்சில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"முழங்கால் சரியாயிடுச்சாப்பா?"

"எந்தப் பட்டியில போட்டாலும் ஹார்லன் மாடும்ல சேந்து திங்கும்" என்று முறைத்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.