நான்காவது பதில்

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவாட்டுக் கிடங்கின் மாடியில் அந்தக் கணக்கெடுப்பு அலுவலகம் இருந்தது. தண்டையார்பேட்டையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே குடிசை போட்டிருந்தவர்களுக்கு ஓட்டு வீடுகள் கட்டித்தர ஒரு சங்கம் முன்வந்திருந்தது. யார் யாருக்கு என்று முடிவு செய்ய, முதலில் எல்லாரையும் கேட்டு எழுத வேண்டும். 1952ஆம் வருஷக் கோடை முழுவதும் அந்த வேலை நடந்தது.

கேள்வித்தாளுக்குப் பொறுப்பு சங்கரநாராயணன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். வீட்டைப் பற்றியவை வீ-1, வீ-2 என்று போகும். ஆட்களைப் பற்றியவை ஆ-1, ஆ-2. முதல் பக்கத்தில் ‘கூலி’ என்று எழுதியதைக் கடைசிப் பக்கத்தில் ‘சம்பளம்’ என்று எழுதக் கூடாது. எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. கேட்காமல் விட்ட கேள்விக்கு ஒரு கோடு. கேட்டும் பதில் வராவிட்டால் வட்டம். அந்த வீட்டுக்குப் பொருந்தாத கேள்வி என்றால் பெருக்கல் குறி.

“வெறுங்கட்டத்தைப் பார்த்தா அங்கே என்ன நடந்ததுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான்” என்றார், தேவகிருபை வேலைக்குச் சேர்ந்த அன்று.

தேவகிருபைக்கு அந்தக் குறிகள் பிடித்துப்போயின. அவள் அதிகம் பேசாதவர்களின் வீட்டில் வளர்ந்தவள். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து கடை வைத்த குடும்பம். கடையில் நாளெல்லாம் பேசிவிட்டு வரும் அப்பா வீட்டில் வாயைத் திறப்பதில்லை. பதில் வராமல் போவதும் கேட்காமல் விடுவதும் வேறு வேறு என்று ஒருவர் யோசித்து, இரண்டுக்கும் தனித்தனிக் குறி வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

கெங்கம்மாவின் குடிசையில்தான் முதல் முறையாக எந்தக் குறியும் பொருந்தவில்லை.

கெங்கம்மா கிழிந்த கோணிகளைத் தைத்துக் கிடங்குகளுக்குக் கொடுப்பவள். வாசலில் கோணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, ஊசியை நிறுத்தாமலே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். கூரை ஓலை. தண்ணீர் தெருக்குழாய். பிள்ளைகள் இல்லை. அடுத்தது ஆ-3: குடும்பத் தலைவர். அதற்கு மூன்று பதில்கள் இருந்தன. உடன் இருக்கிறார், வெளியூரில் இருக்கிறார், காலம்சென்றார்.

“அவுரு கப்பலுக்குப் போனாரு” என்றாள் கெங்கம்மா. “சண்டை நடந்துகினு இருந்தப்போ. கரி தள்ற வேலை.”

“இப்போ எங்க இருக்காங்க அக்கா?”

“தெர்ல.”

“அப்போ வெளியூர்னு போட்டுரட்டா?”

பக்கத்துக் குடிசை வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த சின்னப்பையன் என்பவன் சிரித்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். “வெளியூர்னு போட்டியானா ஆளு வந்து கைநாட்டு வெச்சாத்தான் வூடுன்னுவாங்க டீச்சரம்மா. செத்தாருன்னு எய்திக்க. வூடு வரட்டும். பின்னால ஆளு வந்தா உசுரு குடுத்துக்கலாம்.”

“உன் வாயில கோணி ஊசிய வெக்க” என்றாள் கெங்கம்மா, கோபமில்லாமல்.

அவன் சொன்னது உண்மைதான் என்று தேவகிருபைக்குத் தெரியும். காலம்சென்றார் என்றால் மனைவி பெயரில் வீடு. வெளியூர் என்றால் அவரே நேரில் வர வேண்டும். அவள் இதைக் கெங்கம்மாவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

“கடைசில மைதானத்துல நின்னு படிப்பீங்களாமே, அத்த எப்டிப் படிப்பீங்கோ?” என்று கேட்டாள் கெங்கம்மா.

பட்டியல் முடிந்ததும் மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் உரக்கப் படிப்பது வழக்கம். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால், ஆட்சேபம் இருந்தால் சொல்ல அதுதான் வழி. அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. தேவகிருபை படித்துக் காட்டினாள்: “கோதண்டம். காலம்சென்றார். மனைவி கெங்கம்மா.”

ஊசி நின்றது. கெங்கம்மாவின் நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு.

“அத்தினி பேரு காதுல அப்டி வுயணுமா” என்றாள். “வுயுந்துட்டா மறுநாளு இத்தெல்லாம் கய்ட்டச் சொல்லுவாங்கோ. அவங்க சொல்லாட்டியும் நானே கய்ட்டணும் இல்ல?”

எங்கோ சரக்கு வண்டி ஒன்று பெட்டிகளை இடித்துக்கொண்டு நின்றது. தேவகிருபை கட்டத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு எழுந்தாள்.

வட்டம் போட்ட தாள் மறுநாளே அவளிடம் திரும்பி வந்தது.

“பதில் சொல்லலையா அந்தம்மா?” என்று கேட்டார் சங்கரநாராயணன்.

“சொன்னாங்க சார். அதுக்கு நம்மகிட்ட பேர் இல்ல.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கெங்கம்மா சொன்னதை அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை. பிறகு, “ஏழு வருஷமா தகவலே இல்லேன்னா இறந்துட்டதா எடுத்துக்கலாம்னு சட்டமே சொல்லுது” என்றார்.

“சட்டம் மைதானத்துல படிக்காது சார்.”

கீழே கருவாட்டு மூட்டைகளை யாரோ புரட்டினார்கள். வாடை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. அவர் பதில் சொல்லாமல் இருந்தார். அவளும் நின்றுகொண்டே இருந்தாள். இப்படிப்பட்ட நேரங்களில் மற்றவர்கள் எதையாவது பேசி நிரப்பிவிடுவார்கள். இருவருக்குமே அந்தப் பழக்கம் இல்லை.

“நான்காவதா ஒரு பதில் சேர்க்கலாம்” என்றார் கடைசியில். “சேர்க்கிறது கஷ்டமில்லே. ஆனா இதுவரைக்கும் முடிச்ச தெருவுல எல்லாம் மூணு பதில்தான் கேட்டிருக்கோம். அங்கேயும் இப்படி எத்தனை பேர் இருந்திருப்பாங்க? வழியில்லாமத் தலையாட்டியிருப்பாங்க. ஒரே பதில் ஒரு தெருவுல மூணுல ஒண்ணு, இன்னொரு தெருவுல நாலுல ஒண்ணுன்னா அது ஒரே பதில் இல்லே.”

“அப்போ வேண்டாங்கிறீங்களா?”

“எல்லாருக்கும், இல்லேன்னா யாருக்கும் இல்லே. முடிச்ச தெருவுக்கெல்லாம் திரும்பப் போய்க் கேட்கணும்.”

“போறேன் சார்.”

“நீங்க மட்டும் போதாது” என்றார். மறுநாள் காலையில் குடை ஒன்றை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பினார். குடிசைப் பக்கம் அவர் வருவது அதுதான் முதல் தடவை.

முதலில் அந்தப் பதிலுக்குப் பெயர் வேண்டும். கெங்கம்மாவின் வாசலில் கவிழ்த்துப் போட்ட பெட்டியொன்றில் அவர் உட்கார்ந்தார்.

“காணாமல் போனவர்னு போடலாமா?”

“அவுரு இன்னா கொயந்தையா காணாம போறதுக்கு?” என்றாள் கெங்கம்மா. “வயி தெரிஞ்சவரு. கப்பலுக்குப் போனாருன்னு எய்து சாரு.”

“எல்லாரும் கப்பலுக்குப் போயிருக்க மாட்டாங்கம்மா. ஒருத்தர் பர்மாவுக்குப் போயிருப்பார். ஒருத்தர் சொல்லாமப் போயிருப்பார். எல்லாருக்கும் பொருந்தணும்.”

“என் தோஸ்து ஒருத்தன் கடங்காரனுக்குப் பயந்து போய்க்கினான்” என்றான் சின்னப்பையன். “அதுக்கும் சேத்து ஒரு பேரு வெய்யி சாரு. அவன் பொண்டாட்டி குடிசைல சந்தோசமா கீறா.”

சங்கரநாராயணன் சிரிக்காமல் அதையும் யோசித்தார். ‘தகவல் இல்லை’ என்றார். உடனே அவரே தலையை அசைத்துக்கொண்டார். கேட்டுப் பதில் வராத வட்டத்தோடு அது குழம்பிவிடும். தகவலைச் சொல்லாதவர் மனைவியா, கணவனா என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

“‘சேதி இல்லை’ன்னு வைக்கலாம் சார்” என்றாள் தேவகிருபை. “அவங்ககிட்டருந்து சேதி இல்லைன்னுதான் எல்லாரும் எடுத்துக்கிடுவாங்க.”

கெங்கம்மா அந்த வார்த்தைகளை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கோணியைத் திருப்பிப் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சங்கத் தலைவரைப் பார்க்க சங்கரநாராயணன் பாரிமுனைக்குப் போய் வந்தார். திரும்பி வந்தவர் குடையை மூலையில் சாய்த்துவிட்டு வெகுநேரம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒத்துக்கிட்டார். ஆனா ஒரு நிபந்தனை. நாளைக்கு ஆள் திரும்பி வந்து உரிமை கேட்டா வழக்காகும்னு பயப்படறார். சேதி இல்லைங்கிறவங்களுக்கு வீடு உண்டு, மனைவி பேரிலேயே. ஆனா முதல்ல கட்டற வீடுகள்ல இல்லே, இரண்டாம் தொகுதியில்தான்.”

“இரண்டாம் தொகுதி எப்போ சார்?”

“அதுக்கு இன்னும் நிலமே வாங்கலை.”

தேவகிருபை ஜன்னலோரம் போய் நின்றாள். கெங்கம்மாவுக்கு என்று அவள் கேட்டு வாங்கிய பதில், கெங்கம்மாவின் வீட்டைத்தான் இப்போது தள்ளி வைக்கிறது. பேசாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. சின்னப்பையன் சொன்னபடியே ஒரு வார்த்தையை எழுதி, மைதானத்தில் அதை மெல்லிய குரலில் படிக்கச் சொல்லியிருக்கலாம். கடல் அன்று அசையாமல் இருந்தது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் மட்டும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

“கேட்கிறப்போ இதையும் சேர்த்துச் சொல்லணும்” என்றார் சங்கரநாராயணன். “எல்லார்கிட்டயும் ஒரே வார்த்தையில். கூட்டியும் சொல்லக் கூடாது, குறைச்சும் சொல்லக் கூடாது. எதைப் போடறதுன்னு நாம யோசனை சொல்லக் கூடாது.” ஒரு தாளில் அதை எழுதி எல்லாருக்கும் கொடுத்தார்.

தெருத் தெருவாக மறுபடி போனார்கள். பழைய பதிலே இருக்கட்டும் என்றவர்கள்தான் அதிகம். சிலர் நான்காவதைக் கேட்டார்கள். வரலட்சுமி என்று ஒரு பெண், ‘செத்தவர் செத்தவர்தான், திரும்பக் கேக்கறதுக்கு எவ உன்னை அனுப்பினா’ என்று கதவைச் சாத்தினாள். தேவகிருபை கெங்கம்மாவின் வாசலைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

தாளைப் பிரித்து, மற்றவர்களிடம் படித்ததைப் போலவே படித்தாள். “உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நான்கு பதில்களில் எதை எழுதலாம்? காலம்சென்றார் என்றால் இந்த வருஷமே உங்கள் பெயரில் வீடு. சேதி இல்லை என்றால் வீடு இரண்டாம் தொகுதியில். அது எப்போது என்று இப்போது சொல்ல முடியாது.”

கெங்கம்மா ஊசியைக் கோணியில் குத்தி நிறுத்தினாள். “இத்த நீதான் கேட்டு வாங்குனியா?”

“ஆமா அக்கா.”

“நல்லாத்தான் வாங்கின போ.”

சின்னப்பையன் அன்று வேலைக்குப் போகவில்லை. அவனுக்கு முதல் தொகுதியில் வீடு உறுதி. “அக்கா, பேஜாரு பண்ணாத. போன மயைல முட்டி வரைக்கும் தண்ணி நின்னுச்சு. மறந்துட்டியா? ஒரு நாளு படிப்பான். அந்த ஒரு நாளு காதப் பொத்திக்க. அத்தோட போச்சு.”

கெங்கம்மா அவனைப் பார்க்கவில்லை. தேவகிருபையைப் பார்த்தாள். “நீ படிச்சவ. நீ இன்னா சொல்ற?”

சொல்லக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் உத்தரவு இல்லாவிட்டாலும் தன்னால் சொல்லியிருக்க முடியாது என்று தேவகிருபைக்குப் பட்டது. கூரையின் ஓலை பல இடங்களில் கறுத்து நைந்திருந்தது. உள்ளே, கீற்று வழியாக விழுந்த வெயிலில் ஒரு தகரப்பெட்டியும் இரண்டு தட்டுகளும் தெரிந்தன. தட்டுகளில் ஒன்றுதான் உபயோகத்தில் இருப்பது பார்த்தாலே தெரிந்தது. அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கஷ்டமா கீது” என்றாள் கெங்கம்மா, யாரிடமும் இல்லாமல். “வூடும் வோணும்தான். மயைல பாதி ராவு நின்னுகினே தூங்கியிருக்கேன்.” கை நெற்றிப் பொட்டுக்குப் போனது. “ஆனா பத்து வர்சமா காலைல ஏந்து பொட்டு வெச்சிகினு கீறேன். ஒரு வூட்டுக்காக அத்த அயிச்சா, அந்த வூட்ல போய் நான் எப்டிப் படுப்பேன் சொல்லு. நாலாவதே எய்து.”

தேவகிருபை எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அதுவும் விதிதான்.

மைதானத்தில் பட்டியல் படித்த அன்று சங்கரநாராயணனே படித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எந்தப் பெயருக்கும் எந்தப் பதிலுக்கும் ஒரே வேகம். காலம்சென்றார் என்ற இடங்களில் சில பெண்கள் தலையைக் குனிந்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“கோதண்டம். சேதி இல்லை. மனைவி கெங்கம்மா. இரண்டாம் தொகுதி. ஆட்சேபம் உண்டா?”

ஒவ்வொரு பெயருக்கும் விடும் இடைவெளியை இதற்கும் விட்டார். கெங்கம்மா நிமிர்ந்தபடியே நின்றாள். திரும்பிப் பார்த்தவர்கள் நெற்றியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் அடுத்த பெயருக்குப் போனார்.

கூட்டம் கலைந்தபோது தேவகிருபை அவளருகே போனாள். பக்கத்தில் நடந்தாள். தெருக்குழாயடியில் சின்னப்பையனைச் சுற்றி நாலைந்து பேர் நின்று, புது வீட்டுக்கு எப்போது சாப்பாடு போடுவாய் என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். கெங்கம்மா அங்கே நின்றாள்.

“டேய், நீ வூடு மாத்தறதுக்கு முன்னால என் கூரைய மாத்திக் குடுத்துட்டுப் போ. ஐப்பசி வர்துக்குள்ள.”

“ஓலைக்கு இன்னா பண்ணுவ?”

“அத்த நான் பாத்துக்கறேன். நீ ஏறிக் கட்டு.”

ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான் என்று எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பீடியைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தான்.

“ஞாயித்துக்கெயம வரேன்” என்றான்.