தாடைத் தசை

டார்சி பாஸ்கோ, ஆட்டு ரோமம் கத்தரித்தே வயிறு வளர்த்தவர். ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊருக்கு வெளியே, அவர் வீட்டுச் சமையலறையில் அன்றைய சோதனை. தலையில் கம்பிகள் தைத்த குல்லாய், எதிரே மடிக்கணினி. கையை மூடுவதாக அவர் நினைத்தால் போதும், மூளையின் மின்சாரத்தைக் குல்லாய் பிடித்துத் திரையில் பச்சைக் கோட்டை உயர்த்தும். உயர்ந்தால் ‘ஆமாம்’. நரம்பு நோய் கைகால்களை முடக்கிவிட்டது, பேச்சும் குழறத் தொடங்கிவிட்டது. அதுவும் போனபின் மிஞ்சப்போவது இந்தக் கோடுதான்.

கோடு அருமையாக ஏறியது. ஆராய்ச்சி நடத்தும் இமோஜன் வேல்லாவுக்கு அதுதான் உறுத்தியது. இத்தனை சுத்தமாக வேறு யாருக்கும் ஏறியதில்லை. அடுத்த வாரம் டார்சியின் மண்டையைத் திறந்து மூளையிலேயே மின்முனை பதிக்கப்போகிறார்கள், இவள் சொல்லை நம்பி.

கோடு ஏறும்போதெல்லாம் அவர் நெற்றிப்பொட்டில் ஒரு துடிப்பு.

“டார்சி, பல்லைக் கடிக்கிறீங்களா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“கேக்குறாங்கல்ல, சொல்லித் தொலை,” என்றாள் அவர் மனைவி நோலீன்.

“கடிச்சா ஏறுது.” நாக்கு தடுமாறியது. “ஏறணும்னுதானே சொன்னே, டாக்டர்?”

தாடைத் தசையின் மின்சாரம் மூளையினுடையதைவிடப் பல மடங்கு பெரிது. குல்லாய்க்கு எல்லாம் ஒன்றுதான். நோய் ஒரு நாள் தாடையையும் தின்னும். அன்றைக்குக் கோடும் படுத்துவிடும்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா லிஸ்ட்லேருந்து என் பேரை அடிச்சிருப்பே.”

“ஆட்டுக் கொட்டாயிலயும் இதே புத்திதான்,” என்றாள் நோலீன். “ரோமம் வெட்டுற மெஷின் பட்டுக் காயமான ஆட்டை மந்தைக்கு நடுவுல தள்ளிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிப்பான்.”

இமோஜன் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவர் மறைத்தார், சரி. தனக்குக் கண் எங்கே போயிற்று? கோடு ஏறிய சந்தோஷத்தில் பொட்டைப் பார்க்கவே தோன்றவில்லை.

“வாயைத் தொங்க விடுங்க. இப்ப மனசால கையை மூடுங்க.”

கோடு அசையவில்லை. மறுபடியும் செய்யச் சொன்னாள். அப்படியே கிடந்தது. நோலீன் கேலியை நிறுத்திவிட்டாள்.

“ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்றேன்,” என்றாள் இமோஜன். “பேரை இன்னும் அடிக்கல. கையை மூடுறதை விடுங்க, சும்மா மூடியா சம்பாதிச்சீங்க? ரோமம் கத்தரிக்கிறதா நினைச்சுக்குங்க. ஆடு முழங்காலுக்கு நடுவுல கிடக்கு. மெஷின் கையில. ஆட்டு வயித்து மேல இழுங்க.”

டார்சி கண்ணை மூடினார். கீழுதட்டிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. நோலீன் துண்டோடு எழுந்தாள்.

“தொடாதீங்க.”

இமோஜன் திரையைப் பார்க்கவில்லை. பொட்டில் துடிப்பு இல்லை. தாடை அசைந்தால் அந்த எச்சில் நூல் ஆடும். ஆடவில்லை.

“ஏறுது,” என்றாள் நோலீன், மூச்சை அடக்கிக்கொண்டு. “கொஞ்சூண்டுதான். ஆனா ஏறுது.”

இமோஜன் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னொரு ஆடு,” என்றாள்.