அண்ணியின் ஆங்கிலப் பார்வைகள்

அண்ணி ஆறு வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கோ கட்டில் பக்கம் போக ஆசை. நோயாளிக்குத் தலையணை சரிசெய்ய வேண்டும், சாப்பாடு ஊட்ட வேண்டும். அதற்கு வார்டு உதவியாளர் ஆக வேண்டும். வெளிநாட்டு நோயாளிகளும் வருகிற இடம் என்பதால் ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு. இரண்டு முறை போய் இரண்டு முறையும் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் ஆயுசுக்கும் துடைப்பம்தான், அங்கே விதி அப்படி.

கவிழ்த்ததெல்லாம் இந்த 'லுக்'தான். லுக் என்றால் பார். அதோடு விட்டிருக்கலாம். பின்னால் ஒரு வாலை ஒட்டிவிடுகிறார்கள். வாலை மாற்றினால் குரங்கே வேறாகிவிடுகிறது. லுக் ஃபார் என்றால் தேடு. லுக் இன்டு என்றால் விசாரி. லுக் டவுன் ஆன் என்றால் மட்டமாக நினை. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்.

"பாக்குறதுக்கு இத்தனை அமர்க்களமா?" என்றாள் அண்ணி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன். இந்தக் கூடம் நிஜமாகவே கோணல்தான்.

நான் தையல்காரி. பட்டம் வாங்கியும் வேலை அகப்படாமல் அண்ணன் வீட்டில் மெஷின் போட்டவள். சொல்லி ஏறாததைச் செய்து காட்டி ஏற்றிவிடலாம் என்று முடிவு கட்டினேன். லுக் ஃபாருக்குக் கட்டிலுக்கு அடியில் தவழ வேண்டும். லுக் இன்டுவுக்குப் பானைக்குள் தலையை விட வேண்டும். லுக் டவுன் ஆனுக்கு ஸ்டூல்மேல் ஏறி, இடுப்பில் கைவைத்து, கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அண்ணனை ஏளனமாகப் பார்க்க வேண்டும். அது மட்டும் அண்ணிக்கு முதல் தடவையே கைவந்துவிட்டது.

லுக் அப் டு என்றால் மதித்துப் போற்றுவது. தரையில் உட்கார்ந்து அண்ணனை அண்ணாந்து பார்க்கச் சொன்னேன்.

"அதுக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வா," என்றாள்.

"ரெண்டு பேரும் சோத்தையாவது நிம்மதியா தின்ன விடுங்க," என்றான் அண்ணன். சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

தேர்வன்று துணைக்குப் போனேன். கதவோரம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். கேள்வி கேட்டவர் நர்சுகளின் தலைவி, சிரித்தே பழக்கமில்லாத முகம். நோயாளி உங்களை மட்டமாக நடத்தினால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்விக்குள் லுக் டவுன் ஆன் இருந்தது. அண்ணி எழுந்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், நாற்காலிமேல் ஏறி நின்றாள். கைகால் ஆடாமல் அவளுக்கு வாய் திறக்காது, அப்படிப் பழக்கிய பாவி நான்.

"பேஷன்ட் லுக் டவுன் ஆன் மீ. நோ ப்ராப்ளம். ஹி ஹேவ் பெயின்," என்று சொல்லிவிட்டு, பதவிசாக இறங்கி உட்கார்ந்தாள்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். நோயாளியின் மோதிரம் தொலைந்தால் என்றார். அண்ணி மேஜைக்கு அடியில் புகுந்து, "ஐ லுக் ஃபார், ஐ லுக் ஃபார்" என்றபடி அந்தம்மாவின் காலடியில் போய் வெளிப்பட்டாள். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பிறகு மெதுவாக, லுக் ஆஃப்டர் வைத்து இன்னொன்று கேட்டார். நீங்கள் இத்தனை பேரைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள், உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அண்ணி அசையவில்லை. போச்சு, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். திரும்பினாள். விரல் என் பக்கம் நீண்டது.

"ஹர். ஒன்லி ஹர்."

வாரம் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தவள் நான். தையல் ஸ்கேலால் முட்டியில் தட்டியவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தலைவி படிவத்தில் கையெழுத்துப் போட்டு அண்ணியிடம் நீட்டினார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வார்டுக்கு வந்துடுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

நாத்தனார் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

"தங்கச்சி," என்றேன்.