கைகாட்டி

நடைபாலத்தின் நடுவில் வந்து நின்று கீழே பார்த்தபோதுதான் அந்த மரம் அவன் கண்ணில் பட்டது. கிளை இல்லை, முழு மரம். வெள்ளம் வேரோடு பிடுங்கி இழுத்துவந்து, நடுப்பாறைக்கு இருபக்கமும் தண்ணீர் பிரிந்து ஓடும் இரண்டு வாசல்களில் மூங்கில் பக்கத்து வாசலில் குறுக்கே செருகிவிட்டுப் போயிருந்தது. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து மறுபக்கம் ஒன்றும் நடக்காததுபோல வெளியே வந்துகொண்டிருந்தது. தண்ணீர்தான் அப்படி வெளியே வரும். ஆள் போனால் கிளையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. படகோட்டிகள் சுழலுக்குக்கூட இத்தனை பயப்படுவதில்லை. வேன் ஓட்டிப் பிழைக்கிற அவனுக்கே அது தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி தனிப்படகில் இந்த வழியாகத்தான் வரப்போகிறாள்.

மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்ததும், ரப்பர் படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு இறக்கத்துக்கும் புதிதாக எண் போட வேண்டும். நீரோட்டம் பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு விழும் இடங்களைப் படகோட்டிகள் இறக்கம் என்பார்கள். எண் போடுவது அவள் வேலை. ஒன்று என்றால் பச்சைக் குழந்தையைக்கூட ஏற்றிக்கொண்டு போகலாம். மூன்று என்றால் துடுப்பு பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு என்றால் கரையிறங்கிப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. ஐந்தில் ஒரு தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இன்னொரு தடவை கிடையாது. ஆறாம் எண், யாரும் இறங்காத இடத்துக்கு. போன வருடத்து எண்ணை நம்புகிறவன் முட்டாள் என்பாள். ஒரு பாறை புரண்டு படுத்தால் போதும், மூன்று ஐந்தாகிவிடும். வீட்டிலும் அவளுக்கு இதே பேச்சுதான். "இன்னைக்கு அத்தை நாலுல இருக்காங்க, பாத்துப் போங்க" என்று அவன் காதைக் கடிப்பாள். அவனுக்கு அவள் கொடுத்திருந்த எண் ஒன்று. "கண்ண மூடிட்டு மிதக்கலாம்" என்பாள். அதைப் பாராட்டு என்றே அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்துக்கு இரட்டை வாசல் என்று பெயர். நடுவில் வீடு அளவுக்கு ஒரு பாறை. அதற்கு ஒரு பக்கம் மூங்கில் புதர், மறுபக்கம் மணல் திட்டு. மேலே வளைவு திரும்பிய பிறகும் பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படகிலிருந்து தெரியாது. பாலத்தில் நிற்பவனுக்கு இரண்டு வாசலும் தெரியும். அதனால்தான் அவனை அங்கே நிறுத்துவாள். இரைச்சலில் குரல் எடுபடாது, கைதான் பேச வேண்டும். அதில் ஒரே ஒரு சட்டம்: ஆபத்து இருக்கிற பக்கம் கை நீட்டவே கூடாது. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும்.

கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் பாம்பைப் பார்க்கிற மனுஷன் பாம்பைத்தானே காட்டுவான்? கல்யாணமான புதிதில் அவன் தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறையைக் காட்டினான். அவள் அங்கேயே போய் மோதித் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நூறு தடவை சத்தியம் செய்துவிட்டு வந்து, அடுத்த தடவையும் பாறையைத்தான் காட்டினான். கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. அதற்கடுத்த தடவை அவள் அவன் கைக்கு எதிர்ப்பக்கம் போனாள். அலுங்காமல் குலுங்காமல் இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து படகோட்டிகள் மத்தியில் அவனுக்குக் கைகாட்டி என்று பெயர் நிலைத்துவிட்டது. "எல்லாரும் கைகாட்டி காட்டுற பக்கம் போவாங்க. நான் எதிர்ப்பக்கம் போறேன், அதான் இன்னும் உயிரோட இருக்கேன்" என்று அவள் சொல்லும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அதனால் இந்த மழைக்காலம் முழுக்க அவன் யாருக்கும் தெரியாமல் பழகினான். வேனை ஓரம் கட்டிவிட்டு, எதிரே ஒரு பள்ளத்தைப் பார்த்து, பள்ளம் இல்லாத பக்கம் கை நீட்டுவான். மொட்டை மாடியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று கை நீட்டி நீட்டி மடக்குவான். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கடைசியில் கை பணிந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்து காட்டி, அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

இன்று காலை கூட வருவதாக இருந்த படகோட்டிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"தனியா இறங்கக் கூடாதுன்னு நீதான ஊருக்கெல்லாம் சொல்ற?" என்றான் வேனில்.

"அதான் நீங்க இருக்கீங்களே." கால்களை முன்பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். "பாலத்துல நில்லுங்க. ஏதாச்சும் இருந்தா கை காட்டுங்க."

"எந்தப் பக்கம் காட்டணும்னு சொல்ல மாட்டியா?"

"எந்தப் பக்கம் வேணா காட்டுங்க சாமி. எனக்குப் புரியும்."

அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

இப்போது போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மேலே ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் கரை இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. படகு ஒதுங்கி நிற்கிற கடைசி இடம் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் கண்ணில் படும்போது அதைத் தாண்டியிருப்பாள். பிறகு நிற்க முடியாது, ஏதாவது ஒரு வாசலுக்குள் போயே ஆக வேண்டும். மணல் பக்கம் சுத்தமாக இருந்தது. அதைக் காட்டினால் போதும். இதற்குத்தானே இத்தனை நாள் பழகினோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டான்.

வளைவில் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது.

கை தானாக மரத்தை நோக்கி எழப்பார்த்தது. அதை அடக்கினான். மறு கையை உயர்த்தி, தோளிலிருந்து விரல்நுனிவரை விறைப்பாக, மணல் பக்கம் நீட்டினான். சரியாக நீட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாக.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். புரிந்தது என்பதற்கு அடையாளமாக ஹெல்மெட்டின் உச்சியில் தட்டினாள். அவ்வளவு தூரத்திலும் அவள் சிரிப்பது அவனுக்குத் தெரிந்தது. பிறகு துடுப்பை ஒரு அழுத்து அழுத்தி, படகின் மூக்கை மூங்கில் பக்கம் திருப்பினாள்.

சே, பழையபடி மரத்தையே காட்டித் தொலைத்திருக்கலாம். மாற்றிக் காட்டலாமா? மாற்றினால் குழம்புவாள். ஒரு நொடி குழம்பித் துடுப்பை நிறுத்தினாலும் தண்ணீர் அவளைக் கொண்டுபோய் நடுப்பாறையில் அறைந்துவிடும். மாற்றாவிட்டால் மரம். இப்படி நினைத்து முடிப்பதற்குள் அவள் தலையைக் குனிந்துவிட்டாள். வழியை முடிவு செய்தபின் படகோட்டிகள் தண்ணீரை மட்டும்தான் பார்ப்பார்கள், மேலே பார்க்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பாலத்தின் கம்பியைக் காலால் உதைத்தான், அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான், கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து மூச்சு முட்ட ஊதினான். மஞ்சள் ஹெல்மெட் ஒருமுறை மேலெழும்பி, நடுப்பாறைக்குப் பின்னால் மறைந்தது.

கையை இறக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அது இன்னும் மணல் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் வெயிலில் தெளிந்து, ஒரு தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.